பிரபுதேவா: நடன மாஸ்டராகவும் இயக்குநராகவும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிரபுதேவாவை எல்லோரும் இந்தியாவின் மைக்கேல் ஜாக்சன் என்கிறார்கள். நடன இயக்குநராக அவர் உண்மையில் புதிதாக என்ன செய்தார்? பிறகு ஏன் படம் இயக்கப் போனார்? இந்த இரண்டில் எதில் அவர் பெரியவர்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடன இயக்கத்தில்தான். தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று திரையுலகங்களிலும் கதாநாயகனின் உடல் அசையும் விதத்தையே மாற்றியவர் அவர். படங்களின் இயக்குநராக வேகமும் வணிக அறிவும் உள்ள கைதேர்ந்த ஆள். ஆனால் ஆட்டத்தில் அவரிடம் இருக்கும் மேதைமையில் ஒரு பங்குதான் அங்கே இறங்கியது. இப்படி நான் நினைப்பதற்கான காரணத்தைச் சொல்ல அவருடைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா முகூர் சுந்தர். மைசூர்ப் பக்கத்து முகூர் என்ற சிற்றூர்க்காரர். சென்னைக்கு வந்து சினிமாவில் ஆடத் தொடங்கி, பிறகு நடன இயக்குநராகித் தமிழ், தெலுங்கு, கன்னடப் படங்களில் பல ஆண்டுகள் உழைத்தவர். கோடம்பாக்கத்தில் அவர் பெயர் சுந்தரம் மாஸ்டர். மூன்று மகன்கள்: ராஜு சுந்தரம், பிரபுதேவா, நாகேந்திர பிரசாத். பிரபுதேவா பிறந்தது 1973 ஏப்ரல் 3 அன்று, மைசூரில். வளர்ந்தது சென்னையில்.

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. சிறந்த நடன அமைப்புக்கான தேசிய விருது இந்த ஒரே வீட்டுக்கு நான்கு முறை வந்திருக்கிறது. 1993ஆம் ஆண்டுக்கான விருது 'திருடா திருடா' படத்துக்காக அப்பாவுக்கு. 1996ஆம் ஆண்டுக்கான விருது 'மின்சார கனவு' படத்துக்காகப் பிரபுதேவாவுக்கு. 2004ஆம் ஆண்டுக்கு 'லக்ஷ்யா' என்ற இந்திப் படத்துக்காக மீண்டும் அவருக்கே. 2016ஆம் ஆண்டுக்கு 'ஜனதா கேரேஜ்' என்ற தெலுங்குப் படத்துக்காக அண்ணன் ராஜு சுந்தரத்துக்கு. இப்படி ஒரு கணக்கை இந்தியாவில் வேறு எந்தச் சினிமாக் குடும்பத்திலும் நான் பார்த்ததில்லை. பிரபுதேவாவைத் தானாக முளைத்த அதிசயமாக எழுதுகிறவர்கள் இந்த வீட்டை விட்டுவிடுகிறார்கள்.

அவர் முறையாகக் கற்றது பரதநாட்டியம். தர்மராஜ், உடுப்பி லட்சுமிநாராயணன் ஆகியோர் ஆசான்கள். மேற்கத்திய ஆட்டம் அதன் மேல் வந்து சேர்ந்தது. இந்த வரிசை முக்கியம். பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

சினிமாவில் அவர் முதலில் தலைகாட்டியது 1986இல் வெளிவந்த 'மௌன ராகம்' படத்தில், 'பனிவிழும் இரவு' பாடலில் புல்லாங்குழல் வாசிக்கும் சிறுவனாக. அடுத்து 'அக்னி நட்சத்திரம்' படத்தில் கூட்டத்தில் ஆடுகிறவர்களில் ஒருவர். 1989இல் கமல்ஹாசன் நடித்த 'வெற்றி விழா' படத்தில் நடனம் அமைத்தபோது அவருக்கு வயது 16. அந்தக் காலத்தில் ஒரு பாடலின் பொறுப்பு என்பது சிறுவனை நம்பி ஒப்படைக்கும் சமாசாரம் இல்லை. எதிரே நிற்பவரோ, நடன இயக்குநர் தங்கப்பனிடம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டு நடிகரான கமல்ஹாசன். அடி பிசகினால் முதலில் கண்டுபிடிப்பவர். அங்கே ஒரு பதின்வயதுப் பையன் நின்று தாக்குப்பிடித்தான் என்றால், அப்பாவின் படப்பிடிப்புகளில் ஓரமாக நின்று பார்த்த ஆண்டுகளின் பலன் அது.

அதன்பின் வளர்ச்சி வேகம். தெலுங்கில் சிரஞ்சீவிக்கு 'கரானா மொகுடு' போன்ற படங்களில் அமைத்த ஆட்டங்கள் ஆந்திராவைக் கலக்கின. தமிழில் 1991இல் 'இதயம்' படத்தில் 'ஏப்ரல் மேயிலே' பாட்டுக்கு அண்ணனோடு சேர்ந்து ஆடினார். 1993இல் ஷங்கரின் முதல் படமான 'ஜென்டில்மேன்' வந்தது. 'சிக்கு புக்கு ரயிலே' பாட்டுக்கு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கவே திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. கதைக்கும் அவருக்கும் அந்தப் படத்தில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வந்தார், ஆடினார், போனார். ஊர் முழுக்க அவர் பேச்சாக இருந்தது.

அவர் புதிதாக என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால், அவருக்கு முன்னால் தமிழ்ப் படங்களில் யார் ஆடினார்கள் என்று பார்க்க வேண்டும். ஐம்பதுகளிலேயே ஜே.பி. சந்திரபாபு மேற்கத்திய ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். நாகேஷின் கால்கள் ரப்பர் போல வளையும். ஆனால் இருவரும் நகைச்சுவை நடிகர்கள். ஒல்லியான, வளைந்து நெளியும் உடல் என்றால் அது சிரிப்புக்கு உரியது என்று தமிழ் சினிமா எழுதாத சட்டம் ஒன்றை வைத்திருந்தது. நாயகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பான், கையை வீசுவான், நான்கடி நடப்பான். சுற்றி இருப்பவர்கள்தான் ஆடுவார்கள். கமல்ஹாசன் விதிவிலக்கு. எண்பதுகளில் நாகேஷின் மகன் ஆனந்த்பாபு 'பாடும் வானம்பாடி'யில் ஆட்டத்தை வைத்தே நாயகனாக வந்தார். ஆனாலும் அந்தப் பாதை நெடுஞ்சாலை ஆகவில்லை.

பிரபுதேவா அந்தச் சட்டத்தை உடைத்தார். சந்திரபாபுவும் நாகேஷும் சிரிப்புக்காகப் பயன்படுத்திய அதே வகை உடலை நாயகனின் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தாடியும் ஒடிசலான தேகமுமாக, அன்றைய அளவுகோல்களின்படி கதாநாயகக் களை இல்லாத ஓர் இளைஞர். 1994இல் பவித்ரன் இயக்கத்தில் 'இந்து', அதே ஆண்டு ஷங்கர் இயக்கத்தில் 'காதலன்'. தயாரிப்பாளர் கே.டி. குஞ்சுமோன் ஒரு நடன மாஸ்டரை நாயகனாக்கி, கவர்னர் மகளைக் காதலிக்கும் போலீஸ்காரர் மகன் என்ற கதையில் அவ்வளவு பணம் போட்டது பெரிய துணிச்சல். 'முக்காலா', 'ஊர்வசி', 'பேட்டை ராப்' மூன்றும் மூன்று விதம். படம் தெலுங்கிலும் இந்தியிலும் மொழிமாற்றமாகிப் போய், மொழி தெரியாதவர்களும் அந்த அசைவுகளைப் பழகிக்கொண்டார்கள்.

'முக்காலா' பாட்டின் முடிவை நினைத்துப் பாருங்கள். தலை மறைந்துவிடுகிறது, கைகள் மறைகின்றன, கால்கள் மறைகின்றன. தொப்பியும் கையுறையும் சட்டையும் காலணியும் மட்டும் ஆடுகின்றன. 'காதலன்' படத்துக்குச் சிறப்புத் தொழில்நுட்பத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இந்தக் காட்சியை எல்லோரும் கணினி வித்தையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பு வேறு. முகம் இல்லாமலே, உடல் இல்லாமலே, அந்த உடுப்புகளை வைத்தே ஆடுகிறவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. கணுக்கால் திரும்பும் விதம், தாளத்துக்கு அரைக்கணம் பிந்தி வந்து விழும் தோள், இவை கையெழுத்து போல அடையாளம் காட்டுகின்றன. ஓர் ஆட்டக்காரர் இருபத்தொரு வயதில் இப்படி ஓர் அடையாளத்தைச் சம்பாதிப்பது சாதாரணமா?

மைக்கேல் ஜாக்சன் ஒப்பீட்டுக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. தனித்தனி உறுப்பைப் பிரித்து அசைப்பது, சட்டென்று உறைந்து நிற்பது, தொப்பியின் பயன்பாடு எல்லாம் அங்கிருந்து வந்தவையே. அவரும் ஜாக்சனைக் குருவாக மதிப்பதை மறைத்ததில்லை. 1999 ஜூனில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஜாக்சன் நடத்திய 'மைக்கேல் ஜாக்சன் அண்ட் ஃபிரண்ட்ஸ்' நிகழ்ச்சியில் ஏ.ஆர். ரஹ்மான், ஷோபனா ஆகியோரோடும் தமிழ்த் திரைப்பட நடனக் குழுவோடும் மேடை ஏறி ஆடினார்.

ஆனால் அந்தப் பட்டத்தோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். அவருடைய முழங்கால்களைக் கவனியுங்கள். ஜாக்சனின் ஆட்டம் பெரும்பாலும் நிமிர்ந்த கால்களில், பாதத்தின் நுனியில் நடக்கும். பிரபுதேவா எவ்வளவு வேகமாக ஆடினாலும் எடையைக் கீழே இறக்கி, முழங்காலை வெளிப்புறமாக மடித்து, தரையை நோக்கி ஆடுவார். அது பரதநாட்டியத்தின் அரைமண்டி. தாளத்தை அவர் எண்ணும் முறையும் அப்படித்தான். எட்டு எட்டாக எண்ணிப் போகும் பாட்டுக்குள் திடீரென்று ஜதி (பரதத்தின் தாளச் சொற்கட்டு) போல மூன்றும் ஐந்துமாகப் பிரித்து ஒரு கோர்வை வைப்பார். கடைசி அடி சரியாகச் சமத்தில், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்தில், வந்து விழும். 'காதலன்' கதையிலேயே நாயகன் காதலிக்காகப் பரதம் கற்கும் காட்சிகள் இருக்கின்றன. அவற்றை அவர் போலியாக ஆடவில்லை என்பது பார்த்தாலே தெரியும். அதற்குக் கீழே இன்னொரு அடுக்கும் உண்டு: சாவுமேளம், குத்து, ஊர்த் திருவிழா. 'பேட்டை ராப்' பாட்டின் மூலம் வெளிநாட்டு இசைவடிவம். கால்கள் முழுக்க வடசென்னைத் தெரு. இந்த மூன்றையும் ஒட்டுத் தெரியாமல் ஓர் உடலுக்குள் கொண்டுவந்ததுதான் அவர் புதிதாகச் செய்தது.

அடுத்து, ஒரு நடன இயக்குநரை அளக்கும் உண்மையான அளவுகோல். தான் நன்றாக ஆடுவது ஒரு திறமை. பிறர் உடலுக்கு ஏற்ற ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது வேறு திறமை. முதலாவது இருக்கும் பலரிடம் இரண்டாவது இருப்பதில்லை. தாங்கள் ஆடுவதையே எல்லோர் மீதும் திணிப்பார்கள். பிரபுதேவாவின் இரண்டு தேசிய விருதுகளும் அவருடைய இந்த இரண்டாவது திறமைக்குச் சான்று என்பேன்.

'மின்சார கனவு' ராஜீவ் மேனன் இயக்கி 1997 பொங்கலுக்கு வந்த படம். கன்னியாஸ்திரி ஆக விரும்பும் பெண்ணாகக் கஜோல். அவள் மனதை வேறொருவன் பக்கம் திருப்ப அமர்த்தப்பட்ட சிகை அலங்காரக் கலைஞனாகப் பிரபுதேவா. 'வெண்ணிலவே' பாடலில் 'காதலன்' காலத்து வேகத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான். அவர் தன்னை அடக்கிக்கொள்கிறார். இழுத்துக்கொண்டு போவது, விடுவது, சுற்றி வருவது, நிற்பது, அவ்வளவே. கஜோல் பயிற்சி பெற்ற ஆட்டக்காரி இல்லை. அதனால் அவருடைய இயல்பான தயக்கத்தையும் திடீர்ச் சிரிப்பையும் ஆட்டத்தின் பகுதியாகவே ஆக்கிவிட்டார். பாடல் தொடங்கும்போது அவன் வேலையாகச் செய்கிறான். முடியும்போது வேலை காதலாகிவிட்டது. வசனம் ஒன்றும் இல்லாமல் இந்த மாற்றம் நடக்கிறது. வேகமான ஆட்டத்துக்குப் பெயர்போன ஒருவர் இப்படி ஒரு மெல்லிய பாடலின் வழியே பேர்பெற்றதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

'லக்ஷ்யா' இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அதில் அவர் திரையில் இல்லை. ஃபர்ஹான் அக்தர் இயக்கிய படம். வாழ்க்கையில் குறிக்கோள் இல்லாமல் திரியும் இளைஞனாக ஹிருத்திக் ரோஷன். 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் பாட்டு. ஹிருத்திக் அச்சில் வார்த்தது போன்ற உடலும் துல்லியமும் கொண்டவர். அந்தத் துல்லியத்தைப் பயன்படுத்தி ஒரு துல்லியமற்றவனைக் காட்ட வேண்டும்! பிரபுதேவா கொடுத்த அசைவுகளில் எலும்பே இல்லாதது போல உடல் தளர்கிறது, முழங்கால் தள்ளாடுகிறது, ஓரிடத்துக்குப் போவது போலக் கிளம்பிப் பாதியில் மனம் மாறுகிறது. ஒவ்வொரு தள்ளாட்டமும் தாளத்தில் இம்மி பிசகாமல் இருக்கிறது. கதாபாத்திரத்தின் குழப்பம் முழுக்க அந்த ஆட்டத்தில் இருக்கிறது. பாடலை நீக்கிவிட்டால் படத்தின் முதல் பகுதிக்கு விளக்கமே குறைந்துபோகும். இந்தி சினிமாவில் ஆண் நடிகருக்கு அமைக்கப்பட்ட ஆட்டங்களில் இதற்கு மேலான ஒன்றை நான் சொல்லத் தயங்குவேன்.

இனி, ஏன் படம் இயக்கப் போனார் என்ற கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தொழில் மாற்றம் போலத் தெரியும். படப்பிடிப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

நம் ஊரில் ஒரு பாடல் எடுக்கப்படும் முறை இதுதான். பாட்டு ஒலிப்பதிவானதும் மாஸ்டர் கைக்கு வரும். அவர் அதைப் பல்லவி, சரணம், இடையிசை என்று வெட்டி, எந்த வரிக்கு யார், எங்கே, என்ன அசைவு என்று முடிவுசெய்வார். உதவி மாஸ்டர்களோடும் குழு ஆட்டக்காரர்களோடும் ஒத்திகை. படப்பிடிப்பு நாளன்று பாட்டை ஒரு கருவியில் போட்டு ஒலிபெருக்கியில் ஓட்டுவார்கள். அந்தக் கருவிக்கு நாகரா என்று பெயர் நிலைத்துவிட்டது. கேமரா எங்கே நிற்க வேண்டும், கிரேன் எந்த அடியில் ஏற வேண்டும், எந்த இடத்தில் வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் ஒளிப்பதிவாளரோடு பேசித் தீர்மானிப்பது பெரும்பாலும் மாஸ்டர். நடிகர் மெதுவாக மிதப்பது போல வர வேண்டும், ஆனால் வாயசைவு பொருந்த வேண்டும் என்றால், பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, கேமராவையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டு எடுப்பார்கள். திரையில் உடல் மெதுவாகவும் உதடு சரியாகவும் வரும். இந்தக் கணக்கெல்லாம் மாஸ்டருக்கு அத்துப்படி. படத்தின் இயக்குநர் அந்த நாலைந்து நாட்களும் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதாவது மாஸ்டர் ஏற்கெனவே ஒரு சிறு படத்தை இயக்கிக்கொண்டிருக்கிறார். ஆண்டுக்கு இருபது முப்பது சிறு படங்கள், வெவ்வேறு ஒளிப்பதிவாளர்களோடும் நட்சத்திரங்களோடும். எந்தத் திரைப்படப் பள்ளியும் இப்படி ஒரு பயிற்சியைத் தராது.

அதனால்தான் இந்தத் தொழிலிலிருந்து இத்தனை இயக்குநர்கள் வருகிறார்கள். 2004இல் தெலுங்கில் ராகவா லாரன்ஸ் 'மாஸ்' படத்தோடு வந்தார். அதே ஆண்டு இந்தியில் ஃபரா கான் 'மேய்ன் ஹூன் நா' எடுத்தார். பின்னால் ரெமோ டிசோசா, பிருந்தா. பிரபுதேவாவின் வீட்டிலேயே அண்ணன் ராஜு சுந்தரம் அஜித்தை வைத்து 'ஏகன்' எடுத்தார், தம்பி நாகேந்திர பிரசாத் கன்னடத்தில் 'லக்கி மேன்' எடுத்தார்.

பிரபுதேவாவின் முதல் படம் 2005 சங்கராந்திக்குத் தெலுங்கில் வந்த 'நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா'. எம்.எஸ். ராஜு தயாரிப்பு, சித்தார்த், திரிஷா, திரிஷாவின் அண்ணனாக ஸ்ரீஹரி. லண்டனில் வளர்ந்த பணக்காரப் பையன் கிராமத்துப் பெண்ணைக் காதலிக்கிறான். வயலில் உழைத்து விளைவித்துக் காட்டினால்தான் தங்கை என்கிறார் அண்ணன். பழைய கதைதான். ஆனால் அதில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. மாட்டுத் தொழுவத்திலும் வயலிலும் சித்தார்த் படும் பாடு முழுக்க உடல்மொழியால் சொல்லப்பட்டது. அங்கே மாஸ்டரின் கண் வேலை செய்தது. திரிஷாவின் பாத்திரத்துக்குத் தனக்கென்று விருப்பமும் ரோஷமும் இருந்தன. படம் பெரிய வெற்றி. தமிழில் 'உனக்கும் எனக்கும்' உட்படப் பல மொழிகளுக்குப் போனது.

அடுத்த படம் 'பௌர்ணமி', 2006. பிரபாஸ், திரிஷா, சார்மி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலில் ஆட வேண்டிய குடும்பத்துப் பெண்ணைச் சுற்றிய கதை. அவர் இயக்கியவற்றில் ஆட்டமே கதையின் உயிராக இருக்கும் படம் என்றால் இதுதான். ஓடவில்லை. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு. இந்தப் படம் வென்றிருந்தால் அவர் இயக்கிய பாதையே வேறாகியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். தோற்றதும் அவர் பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்தார்.

பாதுகாப்பான இடம் என்றால் மறுஆக்கம். பூரி ஜெகன்னாத்தின் தெலுங்கு 'போக்கிரி'யை விஜய், அசினை வைத்து 2007 பொங்கலுக்குத் தமிழில் கொடுத்தார். கதை ஏறக்குறைய அப்படியே. வடிவேலுவின் நகைச்சுவையும் காட்சிகளின் விறுவிறுப்பும் விஜய்யின் நடை, நிற்கும் தோரணை, திரும்பும் வேகம் எல்லாவற்றிலும் ஊறிய தாளமும்தான் அவருடைய பங்கு. சண்டைக்காட்சிகூட எண்ணி எடுத்த ஆட்டம் போல இருந்தது. அதே கதையை 2009இல் சல்மான் கானோடு 'வான்டட்' என்று இந்தியில் எடுத்தார். முந்தைய ஆண்டு ஏ.ஆர். முருகதாஸின் இந்தி 'கஜினி' வாசலைத் திறந்திருந்தது. 'வான்டட்' அதை அகலமாக்கியது. சரிவில் இருந்த சல்மானுக்கு அது மறுவாழ்வு. தெற்கத்திய மசாலாப் படங்களை இந்தி நட்சத்திரங்கள் வரிசையில் நின்று வாங்கத் தொடங்கினார்கள். 2012இல் ராஜமௌலியின் 'விக்ரமார்குடு' கதையை அக்ஷய் குமாருக்கு 'ரவுடி ராத்தோர்' ஆக்கினார். தயாரித்தவர்களில் ஒருவர் சஞ்சய் லீலா பன்சாலி. இந்தியாவில் மட்டும் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூல்.

ஆக, ஒரு தொழில்காரராக அவர் பெற்ற வெற்றியைக் குறைத்துச் சொல்ல முடியாது. சென்னையிலிருந்து போய் மும்பையில் அடுத்தடுத்துப் பெரிய நட்சத்திரங்களை இயக்கியவர்கள் எத்தனை பேர்? ஆனால் இந்தப் படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. அவர் படத்தைப் பாடல் எடுப்பது போல எடுக்கிறார். ஒவ்வொரு காட்சியும் மூன்று நான்கு நிமிடத் துண்டு. தொடக்கம், ஏற்றம், கைதட்டல். துண்டுகள் தனித்தனியாகச் சிறப்பு. ஒரு காட்சியில் பட்ட அடி அடுத்த காட்சியில் வலிப்பதில்லை. முதல் படத்தின் கதாநாயகிக்கு இருந்த ரோஷம் 'ரவுடி ராத்தோர்', 'ஆர் ராஜ்குமார்' காலத்தில் காணாமல் போய், நாயகிகள் பாட்டுக்கு வந்து போகிறவர்கள் ஆனார்கள். 'வெண்ணிலவே' பாட்டில் ஒரு பெண்ணின் மனமாற்றத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்ணுக்கு இது அழகில்லை. தமிழில் 'வில்லு' தோற்றது. 'எங்கேயும் காதல்' பாட்டுகளால் நினைவில் நிற்கிறது. இந்தியில் 'ஆக்ஷன் ஜாக்சன்' விழுந்தது. 2019இல் 'தபாங் 3', 2021இல் கொரியப் படமொன்றைத் தழுவிய 'ராதே'. பின்னதை விமர்சகர்கள் கடுமையாகச் சாடினார்கள். அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தனிவாழ்க்கைக்குள் நான் போக விரும்பவில்லை. 2008இல் மகன் ஒருவரை நோய்க்குப் பறிகொடுத்தார், மணமுறிவும் நேர்ந்தது. அந்த ஆண்டுகளிலும் வேலையை நிறுத்தவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இயக்குநர் பணிகளுக்கு நடுவே அவர் ஆடுவதை விடவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். 2013இல் ரெமோ டிசோசா எடுத்த 'ஏபிசிடி'யில் தெருப்பிள்ளைகளை ஆட்டக்காரர்கள் ஆக்கும் ஆசானாக வந்தார். நாற்பதை எட்டிய உடல். நீளமான தனி ஆட்டம். சிறுவயதில் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்து ஆடப் பழகிய தலைமுறை சுற்றி நின்றது. 2016இல் 'தேவி' மூலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தமிழில் நாயகனாகத் திரும்பினார். 2018இல் வசனமே இல்லாத 'மெர்குரி'யில் நடித்தார். உடலால் மட்டும் பேச வேண்டிய பாத்திரத்துக்குக் கார்த்திக் சுப்புராஜ் அவரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம். அதே ஆண்டு 'மாரி 2' படத்துக்கு அவர் ஆட்டம் அமைத்த 'ரவுடி பேபி' பாட்டு யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டிய முதல் தென்னிந்தியப் பாடல் ஆனது. தனுஷின் சேட்டையும் சாய் பல்லவியின் ததும்பும் உற்சாகமும் இருவேறு இயல்புகள். ஒன்றை இன்னொன்றுக்காக மட்டுப்படுத்தாமல் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருடைய வேலையைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: 'சிக்கு புக்கு ரயிலே', 'முக்காலா' இரண்டையும் முதலில் முகத்தைப் பார்க்காமல் முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள். பிறகு 'வெண்ணிலவே'. அடுத்து 'லக்ஷ்யா' பாட்டை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை, ஒலியோடு ஒருமுறை. இயக்குநராக அவரைத் தெரிந்துகொள்ள வசூல் படங்களிலிருந்து தொடங்க வேண்டாம். தெலுங்கில் எடுத்த முதல் இரண்டு படங்களைப் பாருங்கள். 2013இல் அதே முதல் கதையை அவரே 'ராமையா வஸ்தாவையா' என்று இந்தியில் எடுத்தார். தெலுங்குப் படத்தை முடித்தபின் அதையும் பார்த்தால், எட்டு ஆண்டுகளில் அவருடைய இயக்கத்தில் என்ன கூடியது, எது குறைந்தது என்று நீங்களே காட்சிக்குக் காட்சி ஒப்பிட்டுவிடலாம்.